காபி கிடைக்காத கால்சட்டை

சைக்கிளில் ஆபீஸ் போகிறவரிடம் நகரம் இரண்டே கேள்விதான் கேட்கும். பேன்ட் சட்டையோடு போனால், "என்ன சார், வண்டி ரிப்பேரா?" உடம்போடு ஒட்டிய லைக்ராவில் போனால், "என்ன சார், ஒலிம்பிக்ஸா?" ஏழை அல்லது வீரன். இரண்டுக்கும் நடுவே ஒரு மனுஷன் சும்மா வேலைக்குப் போகலாம் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை. சைக்கிள்காரன் என்ன உடுத்தினாலும் தப்பு என்ற இந்தச் சட்டத்தை நம்மூர்க்காரர்கள் எழுதவில்லை. அது வெள்ளைக்காரன் சரக்கு.

1817-ல் கார்ல் டிரைஸ் என்ற ஜெர்மன் பிரபு, மான்ஹைம் நகரத்தில் தன் இரண்டு சக்கர வண்டியை ஓட்டிக் காட்டியபோது இந்தத் தொல்லை இல்லை. அதற்குப் பெடலும் கிடையாது, செயினும் கிடையாது. தரையைக் காலால் உதைத்து உதைத்துப் போக வேண்டும். தேய்ந்தது பூட்ஸ் மட்டுமே. பிறகு பெடல் வந்தது. முன்சக்கரம் ஆள் உயரத்துக்கு வளர்ந்தது. அதன் உச்சியில் ஏறி உட்கார்ந்து தலைகுப்புற விழுவதை இங்கிலாந்து இளைஞர்கள் ஒரு கலையாகவே வளர்த்தார்கள். விழுவதானாலும் மரியாதையாக விழ வேண்டும் இல்லையா? 1878-ல் தொடங்கிய பயணச் சங்கம் ஒன்று (பின்னாளில் சைக்கிளிஸ்ட்ஸ் டூரிங் கிளப்) தன் உறுப்பினர்களுக்குச் சீருடையே வைத்தது: கரும்பச்சைக் கோட்டு, முழங்காலோடு நிற்கும் கால்சட்டை, தலைக்குத் தொப்பி. பச்சையில் அழுக்குத் தெரிகிறது என்று கொஞ்ச நாளில் சாம்பல் நிறத்துக்கு மாறினார்கள். தார் போடாத சாலையில் போய்விட்டுத் துணியைக் குறை சொல்லியிருக்கிறார்கள்.

ஆண்கள் கதை அவ்வளவுதான். கூத்து தொடங்குவது பெண்கள் சைக்கிளில் ஏறியபோது.

விக்டோரியா காலத்துச் சீமாட்டி ஒருத்தி தெருவுக்கு வர வேண்டுமானால் பாவாடைக்குள் பாவாடை, அதற்குள் இன்னொன்று, இடுப்பை நெரிக்கும் கச்சு என்று ஒரு ஜவுளிக்கடையையே சுமந்துகொண்டு வர வேண்டும். இதை எதிர்க்க 1881-ல் லண்டனில் 'பகுத்தறிவு உடைச் சங்கம்' பிறந்தது. உள்ளாடைகளின் மொத்த எடை 7 பவுண்டைத் தாண்டக் கூடாது என்பது அவர்களுடைய புரட்சிகரமான கோரிக்கை. ஏழு பவுண்டு என்றால் 3 கிலோவுக்கும் மேல். இன்றைய பந்தய சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்பது சர்வதேச விதி. அதாவது அன்றைய புரட்சிக்காரி, இன்றைய பந்தய வண்டியில் ஏறக்குறையப் பாதியைப் பாவாடைக்குள்ளேயே வைத்திருந்தாள். புரட்சி செய்யாதவள் எவ்வளவு சுமந்தாளோ, சாமிக்கே வெளிச்சம்.

1893-ல் டெஸ்ஸி ரேனால்ட்ஸ் என்ற 16 வயதுப் பெண் பிரைட்டனிலிருந்து லண்டன் போய்த் திரும்பினாள். எட்டரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆயிற்று. இன்றைக்கு யாராவது அப்படி ஓட்டினால் கைதட்டலாம். அன்றைக்கு நாடே கூடிப் பேசியது அவள் போட்டிருந்த கால்சட்டையைப் பற்றி.

புத்திசாலிகள் நடுவழி தேடினார்கள். லண்டன் பிரிக்ஸ்டனில் தையல் தொழில் செய்த ஆலிஸ் பைக்ரேவ் 1895-ல் ஒரு பாவாடைக்குக் காப்புரிமை வாங்கினார். உள்ளே கயிறும் கப்பியும். ஊருக்குள் நடந்தால் கண்ணியமான நீளப் பாவாடை. வண்டியில் ஏறிக் கயிற்றை இழுத்தால் நாடகக் கொட்டகைத் திரைபோல மேலே ஏறிவிடும். ஊர்க் கோடியில் மாமியாரைக் கண்டால் உடனே திரையை இறக்கிவிடலாம். இருநூறு வருஷ சைக்கிள் உடை வரலாற்றில் உருப்படியான ஒரே கண்டுபிடிப்பு இதுதான் என்பது என் கட்சி.

ஆனால் பேர் வாங்கியது ஹார்பர்டன் சீமாட்டி. பகுத்தறிவு உடைச் சங்கத்தை நிறுவியவர்களில் ஒருவர். 1898 அக்டோபரில் சர்ரே பகுதியின் ஆக்கம் என்ற ஊருக்குச் சைக்கிளில் போய், ஹாட்பாய் என்ற விடுதியில் இறங்கினார். போட்டிருந்தது தொளதொளவென்ற அரைக்கால்சட்டை. சாப்பிடக் காபி அறைக்குப் போனால் விடுதிக்காரம்மா வாசலை மறித்துவிட்டார். இந்த வேஷத்தில் இங்கே விட முடியாது, வேண்டுமானால் அந்தப் பக்கம் பாரை ஒட்டிய அறையில் உட்காருங்கள் என்று பதில். அங்கே ஆண்கள் குடித்துக்கொண்டும் புகைத்துக்கொண்டும் இருக்கிறார்கள். கால்சட்டை போட்ட பெண் கண்ணியமானவர்கள் நடுவே இருக்கக் கூடாதாம், குடிகாரர்கள் நடுவே இருக்கலாமாம். இந்தத் தர்க்கத்துக்கு முன்னால் தமிழ் சீரியல் மாமியார்களெல்லாம் பச்சைக் குழந்தைகள்.

ஹார்பர்டன் சும்மா விடவில்லை. அந்த விடுதி, முன்னே சொன்ன சைக்கிளிஸ்ட்ஸ் டூரிங் கிளப்பின் பட்டியலில் இருந்தது. கிளப்பே வழக்குப் போட்டது. 1899-ல் விசாரணை. எதிர்த்தரப்பு அந்த பார் அறையைப் படம்பிடித்துக் கொண்டுவந்து, எவ்வளவு லட்சணமான அறை பாருங்கள் என்று காட்டியது. ஜூரி விடுதிக்காரம்மா பக்கம் சாய்ந்தது. உபசரிக்கத்தான் செய்தார், எந்த அறையில் என்பது அவர் இஷ்டம்.

அதே காலத்தில் ஆண்களுக்கு வேறொரு பயம் பிடித்திருந்தது. சாலையில் கூட்டமாகப் பந்தயம் ஓட்டினால் குதிரைக்காரர்கள் புகார் சொல்வார்கள், அரசாங்கம் சைக்கிளையே தடை செய்துவிடும் என்று தேசிய சைக்கிள் சங்கம் நடுங்கி, 1890 வாக்கில் சாலைப் பந்தயத்தையே தானாக விலக்கி வைத்தது. பந்தயப் பித்துப் பிடித்தவர்கள் விடுவார்களா? விடியற்காலையில், ஊர் தூங்கும்போது, ஒவ்வொருவராகத் தனித்தனியே கடிகாரத்தை எதிர்த்து ஓட்டினார்கள். பந்தயம் என்று யாருக்கும் தெரியக் கூடாது என்பதற்காகக் கழுத்திலிருந்து கணுக்கால் வரை கறுப்பு உடை. பல பத்தாண்டு இதே கோலம். கன்னக்கோல் ஒன்றுதான் குறை. இன்றைக்கு அவர்களுடைய கொள்ளுப்பேரன்கள் கண்ணைக் கூசவைக்கும் பச்சைமஞ்சள் ஜாக்கெட் போடுகிறார்கள். தாத்தா யாரும் பார்த்துவிடக் கூடாதென்று உடுத்தினார். பேரன் எல்லாரும் பார்க்க வேண்டுமென்று உடுத்துகிறான். கார்க்காரர் இரண்டு பேரையும் பார்க்கவில்லை.

பந்தயக்காரர்கள் அப்புறம் வெகுகாலம் கம்பளி டிராயரில் காலம் தள்ளினார்கள். உட்காரும் இடத்தில் மெல்லிய தோலை வைத்துத் தைத்திருக்கும். அதைத் துவைத்துக் காயவைத்தால் சுட்ட அப்பளமாக விறைத்துக்கொள்ளும். களிம்பைத் தடவிப் பிசைந்து இளக்கிய பிறகே போட முடியும். மழை பெய்தால் கம்பளி தண்ணீரைக் குடித்து முழங்காலைத் தொட வரும்.

இவர்களைக் காப்பாற்ற வந்தது ஒரு பெண்ணாடைத் துணி. 1958-ல் அமெரிக்காவின் டூபான்ட் கம்பெனியில் ஜோசப் ஷிவர்ஸ் என்ற வேதியியலாளர் பல மடங்கு நீண்டு பழைய நிலைக்கே திரும்பும் ஓர் இழையை உருவாக்கினார். கம்பெனி மனதில் சைக்கிளே இல்லை. பெண்கள் இடுப்பை இறுக்கிக் கட்டும் ரப்பர் உள்ளாடைக்கு மாற்று தேடினார்கள். அதற்கு வைத்த பெயர் லைக்ரா. 1970-களின் கடைசியில் இத்தாலியின் காஸ்தெல்லி போன்ற கம்பெனிகள் அதைப் பந்தய டிராயராகத் தைத்தன. ஆக, பெண் ஆணின் கால்சட்டையைப் போட்டதற்காகக் காபி மறுத்த உலகத்தில், ஆண்கள் பெண்ணின் இடுப்புக் கச்சைத் துணியைப் போட்டுக்கொண்டு கூட்டம் கூட்டமாகக் காபிக்கடைக்குள் நுழைகிறார்கள். காலில் தகரம் வைத்த ஷூ டக்டக்கென்று சத்தம் போட, கப்புச்சினோ கேட்கிறார்கள். யாரும் வாசலை மறிப்பதில்லை. விடுதிக்காரம்மா இருந்திருக்க வேண்டும்.

1992-ஐ மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த வருஷம் பார்சிலோனா ஒலிம்பிக்ஸில் கிறிஸ் போர்ட்மேன் என்ற ஆங்கிலேயர் ஒட்டிய உடை, நீள்வால் ஹெல்மெட், கரிநார் வண்டி என்று விண்கல் மாதிரி வந்து தங்கம் வாங்கினார். அதே வருஷம் மகளிர் தினத்தன்று புதுக்கோட்டையில் 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்து அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தின் வேலை அது. லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் போனபோது பெண்கள் ஜென்ட்ஸ் வண்டியையே வாங்கினார்கள். முன்பாரில் குழந்தையை உட்கார வைக்கலாமே என்பது அவர்கள் கணக்கு. உடுத்தியிருந்தது புடவையும் தாவணியும். எந்தக் கம்பெனியும் அதற்குக் காப்புரிமை வாங்கவில்லை.

புடவையில் எப்படி ஓட்டினார்கள் என்று கேட்டால், வண்டியைப் பாருங்கள். இங்கிலாந்திலிருந்து வந்து நம்மோடு தங்கிவிட்ட அந்தக் கறுப்பு வண்டிக்குச் செயினை மூடும் கவர் உண்டு, மட்கார்டு உண்டு, லேடீஸ் வண்டிக்குச் சேலை கார்டும் உண்டு. உடுத்தவேண்டியதை வண்டி உடுத்திக்கொண்டது, ஆள் தன் துணியிலேயே போனான். நெதர்லாந்துக்காரர்கள் இன்றும் அப்படித்தான். பிரதமராக இருந்த மார்க் ருட்டே சூட்டோடு சைக்கிளில் அரண்மனைக்குப் போய்வந்தார். அரசர் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. செயின் கவரைக் கழற்றி, மட்கார்டைக் கழற்றி, முதுகை வளைத்து, இதுதான் நவீனம் என்று விற்கத் தொடங்கிய பிறகே ஆளுக்குத் தனி உடுப்பு தேவைப்பட்டது.

விடியலில் ஈ.சி.ஆரில் நூறு கிலோமீட்டர் போகிறவர் லைக்ராவே போடட்டும், தொடையில் உராய்வு என்பது விளையாட்டல்ல. அண்ணாநகரிலிருந்து எழும்பூர் ஆபீசுக்குப் போகிறவருக்கு அது எதற்கு? பருத்திச் சட்டை போதும், பையில் மாற்று ஒன்று. வலது பேன்ட் காலுக்கு ஒரு கிளிப். பெல்பாட்டம் காலத்தில் பல்சக்கரத்துக்குப் பேன்ட்டைத் தின்னக் கொடுத்த தலைமுறைக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

அந்தப் போர்ட்மேன் 2014-ல் பி.பி.சி. காலை நிகழ்ச்சியில் சைக்கிள் ஓட்டிக் காட்டினார். ஒலிம்பிக்ஸ் வீரர் அன்றைக்கு வந்தது சாதாரணக் கறுப்பு உடையில், ஹெல்மெட்டும் இல்லாமல். நாடே பிடித்துத் திட்டியது. ஏன் பளிச்சென்று எதுவும் போடவில்லையாம்.