இன்னும் ஒரே ஒரு தட்டு

போன ஞாயிற்றுக்கிழமை வந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும்.

கிண்ணத்தைச் சக்கரத்தின் மேல் கவிழ்த்து, தட்டித் தட்டி நடுவுக்குக் கொண்டுவந்து, சுற்றிலும் மூன்று களிமண் உருண்டைகளை அழுத்தி வைத்துவிட்டுக் கத்திக்குக் கை நீட்டுகிறேன். முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்.

"மூணு பத்தாது மேடம். நாலா வைங்க."

சார் ஓய்வுபெற்ற எஞ்சினியர். மண்வேலை வகுப்பில் என்னைவிடக் கொஞ்சம் சீனியர். அந்தக் கொஞ்சத்தை அவர் ஒரு நாளும் மறந்ததில்லை. எனக்கும் மறக்க வாய்ப்புக் கொடுத்ததில்லை.

ட்ரிம்மிங் செய்யும்போது, அதாவது பாதி காய்ந்த பானையைக் கவிழ்த்து அடியைச் செதுக்கும்போது, அதைச் சக்கரத்தோடு பிடித்து நிறுத்தச் சரியான வழி ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு முன்னால் இந்த மூன்றா நாலா வழக்கை முடித்துவிடுகிறேன்.

நான் மூன்று கட்சி. மூன்று கல் வைத்து மூட்டிய அடுப்பில் எந்தச் சட்டியும் ஆடாது. நாலாவது கல் வைத்தால்தான் எது உயரம், எது பள்ளம் என்ற பஞ்சாயத்து ஆரம்பிக்கும். சார் கட்சியின் வாதம் வேறு. மூன்றில் ஒன்று பிடி விட்டால் மிச்சம் இரண்டுதான், கிண்ணம் பறந்துவிடும். நாலில் ஒன்று விட்டால் மூன்று இருக்கும். "சேஃப்டி ஃபேக்டர் மேடம்." பாலம் கட்டியவர், அப்படித்தான் பேசுவார். ஆனால் நாலு உருண்டைக்கு ஒரு நிஜமான நியாயம் இருக்கிறது, அது அவருக்குத் தெரியாது. எதிரெதிரே இருக்கும் இரண்டு உருண்டைகளை இரண்டு கைகளாலும் ஒரே நேரத்தில் அழுத்தலாம், கிண்ணம் நகராது. மூன்று வைத்தால் ஒவ்வொன்றாகத்தான் அழுத்த வேண்டும், ஒவ்வொரு அழுத்தலுக்கும் கிண்ணம் ஒரு நூல் அந்தப் பக்கம் போகும். இதை நான் அவரிடம் சொல்லப் போவதில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம்.

எத்தனை வைத்தாலும் உருண்டையைக் கீழே, சக்கரத்தை நோக்கித்தான் அழுத்த வேண்டும். கிண்ணத்தின் மேல் அழுத்தினால் விளிம்பு உள்ளே போய்விடும். தோல் பதத்தில் இருக்கும் மண் சாதுவாகத் தெரியும், ஆனால் நம் விரலை மறக்காது. சூளையில் சுட்ட பிறகு, நாம் அழுத்திய இடத்தைத் துல்லியமாகக் காட்டிக் கொடுக்கும்.

இனி தட்டு. நடுவுக்குக் கொண்டுவருவதற்கான தட்டு.

இதைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நீங்களும் தட்டுகிறவர்கள்தான். கிண்ணம் நடுவில் வந்துவிட்டது. தெரியும். ஊசியைப் பக்கத்தில் பிடித்துச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தாயிற்று. கோடு முழு வட்டமாக விழுகிறது. டீச்சரும் தூரத்திலிருந்து பார்த்து, "ஓகே ஆன்ட்டி, ஸ்டார்ட் பண்ணுங்க" என்று சொல்லியாயிற்று. அப்போதுதான் கை சும்மா இருக்காது. இன்னும் ஒரே ஒரு தட்டு. லேசாக. ஒரு நூல் அந்தப் பக்கம் இருக்கிறதோ என்று ஒரு சந்தேகம். தட்டினோம். இப்போது நிஜமாகவே ஒரு நூல் இந்தப் பக்கம் வந்துவிட்டது. அதைச் சரிசெய்ய ஒரு தட்டு. அது கொஞ்சம் அதிகம். அதற்கு மறுதட்டு. கொஞ்ச நேரத்தில் கிண்ணம் சக்கரத்தின் ஓரத்துக்குப் போய் நம்மை ஏறிட்டுப் பார்க்கும். மறுபடி முதலிலிருந்து.

வீடியோவில் வருகிற ஆட்கள் இப்படிச் செய்வதில்லை. கிண்ணத்தைச் சக்கரத்தின் மேல் ஏனோதானோவென்று கவிழ்ப்பார்கள். சக்கரம் ஓடிக்கொண்டிருக்கும். வலது கையால் டப், டப், டப். வந்துவிட்டது. கேமராவைக் கூடப் பார்க்க மாட்டார்கள். அதில் ஒருவர் தட்டிக்கொண்டே யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். எனக்கு அவர் மேல் வந்த கோபம் என் சொந்தக்காரர்கள் யார் மேலும் வந்ததில்லை.

ஓடுகிற கிண்ணத்தைத் தட்டுவதில் உள்ள சிக்கல் இதுதான். வெளியே பிதுங்கி நிற்கும் பக்கம் கைக்கு எதிரே வரும்போது தட்ட வேண்டும். கண் அதைப் பார்த்து, மூளைக்குச் சொல்லி, மூளை கைக்குச் சொல்வதற்குள் பிதுங்கிய பக்கம் அரைச் சுற்று போயிருக்கும். தட்டு விழுவது எதிர்ப்பக்கத்தில். நடுவுக்கு வர வேண்டியது இன்னும் தூரம் போகும். ஆகவே கண்ணை நம்பக் கூடாது, தாளத்தை நம்ப வேண்டும் என்கிறார் டீச்சர். வயதில் என் மகளைவிடச் சின்னவர். எனக்குத் தாளம் இல்லை என்று பள்ளிக்கூடத்துப் பாட்டு டீச்சரே சொல்லிவிட்டார், அதை இப்போது யார் திருத்துவது? தாளம் இல்லாதவர்கள் சக்கரத்தை நிறுத்தி, ஊசி கீறிய இடத்தைப் பார்த்து, விலகலில் பாதி தூரம் மட்டும் தள்ள வேண்டும். முழு தூரம் தள்ளினால் அதே விலகல் மறுபக்கம் வந்துவிடும். இந்தப் பாதிக் கணக்கைச் சார் ஒரு தாளில் படம் போட்டுக் கொடுத்தார். கணக்கு சரிதான். நம் விரலுக்குப் பாதி என்றால் என்னவென்று தெரியாது, அதுதான் பிரச்சினை.

இதையெல்லாம் தாண்டி வந்தால் அடுத்த கேள்வி: நடு என்றால் எதன் நடு? மண் காயும்போது கிண்ணத்தின் வாய் பெரும்பாலும் கொஞ்சம் முட்டை வடிவத்துக்குப் போய்விடும். சக்கரத்தின் மேல் உள்ள வட்டக்கோடுகளோடு வாயைப் பொருத்தினால், மேலே அடி ஒரு பக்கம் ஊசலாடுகிறது. அடியை நடுவுக்குக் கொண்டுவந்தால் வாய் கீழே பரதம் ஆடுகிறது. செதுக்கப்போவது அடியை. ஆகவே அடிதான் முக்கியம் என்பது ஒரு கட்சி. வாய்தான் கண்ணுக்குத் தெரியும் என்பது இன்னொரு கட்சி. நடு தப்பிய கிண்ணத்தில் கத்தி வைத்தால் ஒரு பக்கம் மட்டும் டக், டக், டக் என்று வெட்டும். அந்தப் பக்கம் சுவர் காகிதமாகி ஓட்டை விழுகிற வரை எதிர்ப்பக்கத்துக்குக் கத்தி போயே சேராது. மண்வேலை மனசுக்கு அமைதி தரும் என்று சொல்லித்தான் என்னை இதில் சேர்த்துவிட்டார்கள். சொன்னவர்கள் யாரும் ட்ரிம்மிங் செய்து பார்த்தவர்கள் இல்லை.

சரியான வழி என்றேன் அல்லவா, வருகிறேன். அதற்கு முன் மற்ற வழிகளை ஒதுக்கிவிட வேண்டும். சக்கரத்தை ஈரமாக்கி, விளிம்பைத் தண்ணீரால் ஒட்டவைக்கலாம். விளிம்பு மட்டமாக இருந்தால் அருமையாகப் பிடிக்கும். மட்டமான விளிம்பு இருந்தால் நான் ஏன் வகுப்புக்கு வருகிறேன்? ஃபோம் ஒட்டிய பலகை மேல் வைக்கலாம், ஆனால் மேலிருந்து ஒரு விரல் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். வாய் குறுகிய குடுவைக்குச் 'சக்' வேண்டும். கனத்த சுவர் வைத்து, இரண்டு பக்கமும் திறந்த ஒரு மண் உருளை; அதற்குள் குடுவையின் கழுத்தைத் தலைகீழாக இறக்கி உட்காரவைப்பது. அந்தச் சக்கை யார் செய்வது? நாம்தான். சக்கரத்தில் மண்ணை நடுப்படுத்தி, இழுத்து, காயவிட்டு, பிறகு அதையே சக்கரத்தின் நடுவில் வைத்துத் தட்டி, உருண்டை வைத்து ஒட்டி, அதற்குள் குடுவையை மறுபடி நடுப்படுத்த வேண்டும். ஒரு நடு கிடைக்காமல் தவித்தவருக்கு இப்போது மூன்று நடு. உருளையைச் சுட்டு வைத்துக்கொண்டால் பல வருஷம் உழைக்கும், ஆனால் ஒவ்வொரு தடவையும் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். இல்லையென்றால் அது குடுவையின் ஈரத்தைக் குடித்துவிடும். அங்கே உருண்டை மூன்றா நாலா என்று சாரைக் கேட்காதீர்கள்.

பணம் கொடுத்தால் கிஃபின் கிரிப் இருக்கிறது. அமெரிக்கச் சாதனம். சக்கரத்தின் மேல் பூட்டிவிட்டு மேல்தட்டைத் திருப்பினால், பிடிகள் எல்லாம் ஒரே அளவில் உள்ளே நகர்ந்து பானையைத் தானே நடுவுக்குக் கொண்டுவந்து கவ்விக்கொள்ளும். லேத்தில் இருக்கும் தாடைச் சக்கின் தத்துவம்தான். அங்கே இருக்கும் சாரின் மகன் ஊருக்கு வந்தபோது அப்பாவுக்கு ஒன்று வாங்கி வந்துவிட்டார். சார் அதைத் துணி போட்டுத் துடைத்து வைத்திருக்கிறார். அதில் பிடிகள் மூன்று. நாலு இல்லை. நான் எண்ணிக் காட்டினேன்.

"அது வேற மேடம். இதுல ரப்பர் இருக்கு."

நம் ஊர் வேளார்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. பெரிய சக்கரத்தைக் கோலால் சுழற்றிவிட்டு, குவித்து வைத்த மண்ணின் உச்சியிலிருந்தே பானையை எடுத்து நூலால் அறுத்துவிடுவார்கள். அடி தடிமனாகவோ திறந்தோ இருக்கும். கொஞ்சம் காய்ந்ததும் மடியில் வைத்து, உள்ளே கல்லைப் பிடித்துக்கொண்டு வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டி அடியை மூடி, சுவரை மெலிதாக்கி, உருண்டையாக்கிவிடுவார்கள். மண்பாண்டங்களுக்காக 2023இல் புவிசார் குறியீடு பெற்ற மானாமதுரையின் கடமும் இப்படித் தட்டு வாங்கித்தான் அந்த நாதத்துக்கு வருகிறது. அவர்கள் தட்டுகிற ஒவ்வொரு தட்டும் பானையைப் பானையாக்குகிறது. நான் தட்டுவதில் கிண்ணம் இடம் மட்டும் மாறுகிறது. அவர்கள் மண்ணை வெட்டி வீணாக்குவதும் கிடையாது. பானையைப் பிடித்து நிறுத்துவது மடி. உருண்ட அடியோடு அந்தப் பானை எப்படி நிற்கும் என்றால், அதற்குத்தான் வீட்டில் பிரிமணை இருந்ததே.

பிரிமணை போய் மேஜை வந்தது, பானைக்குக் கால் முளைத்தது, அதாவது அடிவளையம். எங்கள் வகுப்புக்கு அது வந்த வழி இது. 1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். டெபோரா அதற்கு முன் ஜப்பானில் மண்வேலை பழகியவர். இன்று நாட்டில் ஸ்டோன்வேர் செய்கிற பலர் அங்கே படித்தவர்கள், அல்லது அங்கே படித்தவர்களிடம் படித்தவர்கள். எங்கள் டீச்சர் அந்த இரண்டாம் வரிசை. அடியில் ஒரு வளையம் செதுக்கினால் கிண்ணத்தின் எடை குறையும், கிளேஸ் உருகிச் சூளைப் பலகையில் ஒட்டாது, மேஜையில் நேராக உட்காரும். எல்லாம் நியாயமான காரணங்கள். ஆனால் அந்த அடிவளையத்தைக் கும்பிடுவது தனி மதமாகிவிட்டது.

கியோத்தோவில் ஒரு கோயிலில் கிசாயெமோன் என்ற தேநீர்க் கிண்ணம் இருக்கிறது. கொரியாவில் யாரோ பெயர் தெரியாத குயவர் செய்த சாதாரணக் கிண்ணம். இன்று ஜப்பானின் தேசியப் பொக்கிஷம், பெட்டிக்குள் பெட்டி வைத்துப் பாதுகாக்கிறார்கள். ரசிகர்கள் உருகுவது அதன் காலைப் பார்த்துத்தான்: அவசரமாகச் செதுக்கியது, கிளேஸ் மணி மணியாகச் சுருண்டு நிற்கிறது. படத்தைப் பார்த்தாலே தெரிகிறது, அந்த மனிதர் கூடுதலாக ஒரு தட்டும் தட்டவில்லை. வேலையைப் பார்த்துவிட்டு அடுத்ததை எடுத்திருக்கிறார். இதே அடியை நான் செதுக்கியிருந்தால் டீச்சர் மண்ணைத் தொட்டியில் போடச் சொல்லியிருப்பார்.

இந்த அடிவளைய பக்தியின் விளைவுதான் இப்போது பரவியிருக்கும் நோய். தேநீர் கொடுத்தால் கோப்பையைப் பார்ப்பதில்லை, கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கி அடியைப் பார்ப்பது. ஹோட்டலில் பார்க்கிறார்கள், கல்யாண வீட்டில் பார்க்கிறார்கள். நீங்களும் பார்க்கிறீர்கள், எனக்குத் தெரியும். முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். "ஃபுட் ரிங் கொஞ்சம் ஆஃப் சென்டர்" என்று மட்டும் சொல்வார்கள். போன தடவை என் வீட்டில் அப்படிச் சொன்னவர் சார்தான். மேஜை விரிப்பைத் துவைத்தும் கறை போகவில்லை.

எனவே ஒரு வேண்டுகோள். என் கிண்ணத்தின் அடியைப் பார்க்கத்தான் வேண்டும் என்று இருப்பவர்கள், முதலில் அதில் இருக்கிற ரசத்தைக் குடித்து முடித்துவிடுங்கள்.