ஈரோட்டுக்கு ஆறு பாயிண்ட்

போன ஞாயிற்றுக்கிழமை ஸ்கிராபிளில் பேத்தியிடம் தோற்றேன். தோற்பது பழகிப்போனது, தோற்ற விதம்தான் நாலு நாளாய் நெஞ்சைக் கரிக்கிறது. ஆட்டம் முடியப்போகும் நேரம் அவள் ஐந்து கட்டைகளை வரிசையாய் அடுக்கினாள்: ஈ, ஆர், ஓ, டி, ஈ.

"ஊர் பேரு வெக்கக் கூடாது அம்மிணி" என்றேன்.

"அது ஊரு இல்லீங்க அப்புச்சி, வெர்ப். மண்ணு அரிக்கறது." செல்போனில் அகராதியைத் திறந்து மூக்குக்கு நேரே நீட்டினாள். ஆறு பாயிண்ட். நான் தோற்றது ஐந்து பாயிண்டில்.

ஈரோடு அரிக்கிறதாம்! பள்ளிபாளையம் பாலத்தில் நின்று பாருங்கள், காவிரி இரண்டு கரையையும்தான் அரிக்கிறது. சொல் மட்டும் அந்தக் கரைக்காரனுக்கு.

"அப்படின்னா நம்ம திருச்செங்கோடு?" என்று கேட்டேன். சிரித்தாள். ஆங்கிலத்தில் எழுதினால் பன்னிரண்டு எழுத்து. பலகையில் வரிசைக்குப் பதினைந்து கட்டம், தாராளமாய் உட்காரும். கூட்டிப் பார்த்தேன், 19 பாயிண்ட். (கையில் ஏழு கட்டைதான் இருக்கும் என்பது அந்த ஆத்திரத்தில் தோன்றவில்லை.) இதே பன்னிரண்டு எழுத்தில் 'மல்லிகடானி' அகராதியில் சட்டமாய் உட்கார்ந்திருக்கிறது. வேறொன்றுமில்லை, நம் மிளகுத்தண்ணி. கட்டுமரத்துக்கு இடம் உண்டு, சுருட்டுக்கு உண்டு, ரசத்துக்கும் உண்டு. அர்த்தநாரீசுவரர் ஊருக்குக் கிடையாது. மலையேறி அறுபதாம் படியில் நின்று சத்தியம் செய்யவும் தயார், இது நியாயமில்லை.

 

அன்றிலிருந்து பஸ் போர்டைப் பார்த்தாலே உள்ளே இங்கிலீஷ் சொல் தேடுகிறேன். உங்களுக்கும் இந்த வியாதி உண்டு, மறைக்காதீர்கள். திருச்செங்கோட்டுக்குள் 'ஹென்' இருக்கிறது. நாமக்கல் மாவட்டத்தில் கோழி இல்லாமலா? அதை ஒட்டியே ஜி, ஓ, டி: 'காட்'. வாலில் 'ஓட்', புகழ்ந்து பாடுகிற பாட்டு. கோழி, சாமி, பாட்டு. ஒரு முனியப்பன் கோயில் பொங்கலே ஊர் பெயருக்குள் நடக்கிறது. பரமத்தியில் 'மேத்'. ராசிபுரத்தில் 'சிப்', நெய்யை யாரோ உறிஞ்சிப் பார்த்திருக்கிறார்கள். சேலத்தில் 'சேல்', வருஷம் பூராவும் தள்ளுபடி. பள்ளிபாளையத்தில் உதடு, சிநேகிதன், கிழங்கு எல்லாம் போக 'லே' வேறு. அதாவது கோழி எங்கள் ஊரில், முட்டையிடுவது பள்ளிபாளையத்தில். கரூரை மூன்று தடவை புரட்டினேன், சொல்லும்படி ஒன்றுமில்லை. ஈரோட்டுக்குள் 'ராட்'. கம்பி. வேறென்ன இருக்கும்?

இதில் பெரிய கொடுமை, ஈரோட்டுக்கும் எங்களுக்கும் ஒரே வால்: ஓ, டி, ஈ. எபிசோடுக்கும் அதே வால், கமோடுக்கும் அதே வால். கோடு என்றால் மலை. மலைக்கும் கமோடுக்கும் ஒரே வாலை ஒட்டிவிட்டு வெள்ளைக்காரன் கப்பலேறிவிட்டான். எங்கள் ஊர் போர்வெல் லாரிகள் டிஎன் 34 நம்பரோடு நாடு முழுக்கப் பாறையைத் துளைக்கின்றன. போகிற இடமெல்லாம் 'திருச்செங்கோட்' என்றே படிக்கிறார்கள் என்று ரிக் ஓட்டும் பக்கத்து வீட்டுக்காரர் புலம்புகிறார். 2020 ஜூனில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் உச்சரிப்புக்குத் தக்கபடி மாற்றி அரசாணை ஒன்று வெளிவந்தது. வந்த வேகத்தில் வாபஸும் ஆனது. வாலைப் பிடித்தவர்கள் விட்டுவிட்டார்கள்.

வருகிற ஞாயிறும் ஆட்டம் உண்டு. க்யூ கட்டை தவறாமல் எனக்கே வருகிறது, யூ மட்டும் வருவதில்லை. யூ இல்லாமல் க்யூவை வைத்துச் சொல் தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். ஈரோட்டுக்காரர்கள் எழுத வேண்டாம்.