கூதிர்க்கால மொய்: சர்ரே மலைகளில் கூட்டுச் சைக்கிள் மிதிப்பு குறித்து ஓர் ஆய்வு

லண்டனுக்குத் தெற்கே சர்ரே பக்கம், அக்டோபர் நடுவில் தொடங்கி டிசம்பர் வரை, ஞாயிறு விடிகாலையில் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். வேலை வெட்டி உள்ளவர்கள், பிள்ளை குட்டிக்காரர்கள், வீட்டில் ஹீட்டர் பழுதில்லாமல் ஓடுகிறவர்கள் ஏழெட்டுப் பேர், உடம்போடு ஒட்டிய கறுப்பு உடையில் ஒரு ரவுண்டானா ஓரமாகச் சைக்கிளைச் சாய்த்து நின்று, மூக்கைச் சிந்தியபடி, இன்னும் வந்து சேராத ஒருவரைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். என்ன செய்கிறீர்கள் என்றால் 'ட்ரெயினிங்' என்பார்கள். எதற்கு என்றால் அடுத்த கோடையைக் கைகாட்டுவார்கள். கோடை வந்ததும் யாரும் எந்தப் பந்தயத்துக்கும் பெயர் கொடுப்பதில்லை. ஆகவே இது ட்ரெயினிங் அன்று என்பது இக்கட்டுரையின் துணிபு. பின் என்ன என்பதை நிறுவ இலக்கணம், இயற்பியல், வரலாறு மூன்றையும் துணைக்கு அழைத்திருக்கிறோம். பொருள் அற்பமாக இருந்தால் துணை பலமாக இருக்க வேண்டும்.

முதலில் திணை. தொல்காப்பியர் ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்தார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். கூதிரைக் குறிஞ்சிக்கு ஒதுக்கினார். சர்ரேயிலும் மலை உண்டு. பாக்ஸ் ஹில் 224 மீட்டர். 2,637 மீட்டர் தொட்டபெட்டாவைப் பார்த்தவர்கள் சிரிக்கக்கூடும்; சிரிப்பவர்கள் ஒரு முறை மிதித்து ஏறிவிட்டுச் சிரிக்கலாம். 2012 ஒலிம்பிக்கில் ஆண்கள் சாலைப் பந்தயக்காரர்களை அந்த மலையை ஒன்பது தடவை சுற்றவிட்டார்கள். எங்களுக்கு ஒன்றே மூச்சு முட்டுகிறது. ஆக நிலம் குறிஞ்சி, பெரும்பொழுது கூதிர், பொருத்தம் பழுதில்லை.

சிக்கல் சிறுபொழுதில் வருகிறது. குறிஞ்சிக்கு உரியது யாமம். யாமத்தில் எங்கள் குழு போர்வைக்குள் இருக்கும். அது கூடுவது வைகறையில். வைகறையோ மருதத்துக்கு உரியது, மருதத்தின் உரிப்பொருள் ஊடல். நிலம் மயங்கலாகாது, பொழுது மயங்கலாம் என்று இலக்கணமே இடம் கொடுத்திருப்பதால் தப்பித்தோம். குறிஞ்சி நிலத்தில் மருத ஒழுக்கம் நடக்கிறது என்று கொள்க. அது எவ்வளவு உண்மை என்பது பின்னால் தெரியும்.

அக்டோபர் கடைசி ஞாயிறன்று பிரிட்டனில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்தள்ளுகிறார்கள். லண்டனில் அதுவரை ஏழே முக்காலுக்கு எழுந்துகொண்டிருந்த சூரியன் அன்றுமுதல் ஏழுக்கு முன்பே எழுந்துவிடுகிறது. கைப்பேசி தானாகத் திருந்திவிடும். சமையலறை ஓவன் கடிகாரம் திருந்தாது. அதை நம்பி வந்த ஒருவர் ரவுண்டானா ஓரம் ஒரு மணி நேரம் தனியே நிற்பார். ஆண்டு முழுதும் தாமதமாக வருகிறவரே அன்றைக்கு முதலில் வந்தவர் ஆவதும் உண்டு. அந்தப் பெருமையை மார்ச் வரை சொல்லிக்காட்டுவார்.

கருப்பொருளை விரிக்க வேண்டியதில்லை. தெய்வம் ஸ்ட்ராவா செயலி, அதில் பதியாத மிதிப்பு நிகழாத மிதிப்பு. பறை, ஈரத்தில் பிரேக் எழுப்பும் கிறீச்சொலி. மரம் மட்டும் கொஞ்சம் கவனத்துக்குரியது. இத்தாலியர்கள் 1905 முதல் நடத்திவரும் லொம்பார்தியா பந்தயத்தை உதிரும் இலைகளின் பந்தயம் என்று கொஞ்சுவார்கள். புகைப்படத்தில் இலை அழகுதான். வளைவில் நனைந்து படிந்த பீச் இலைமேல் முன்சக்கரம் ஏறும்போது அந்த அழகு யாருக்கும் நினைவு வருவதில்லை. அதைவிடப் பெரிய பகை வேலி. பறவைகள் கூடு கட்டும் காலம் என்று மார்ச் முதல் ஆகஸ்ட் முடிய இங்கிலாந்துப் பண்ணைக்காரர்கள் வேலி வெட்டக் கூடாது. செப்டம்பர் பிறந்ததும் டிராக்டரில் அரிவாள் கட்டிக்கொண்டு கிளம்புவார்கள். ஹாதார்ன் முள் வழியெங்கும் சிதறும். மேலே மழை பெய்தால் சுண்ணாம்புக் குன்றுகளிலிருந்து சக்கிமுக்கிக் கல் சில்லுகள் சாலைக்கு இறங்கிவரும். குருவிகளின் குடும்ப நலத்துக்கும் எங்கள் டியூபுக்கும் உள்ள தொடர்பு இவ்வாறு நிறுவப்பட்டது.

இனி காற்று. ஆய்வின் நடுத்தூண் இதுதான். சமதரையில் மணிக்கு 30 கிலோமீட்டரை எட்டியதும் மிதிக்கிறவரின் உழைப்பில் பெரும்பங்கு காற்றைத் தள்ளவே போகிறது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றுக்குக் கட்ட வேண்டிய திறன் எட்டு மடங்கு. குளிரில் காற்று இன்னும் கெட்டி: 20 டிகிரியில் இருப்பதைவிட 5 டிகிரியில் அதன் அடர்த்தி ஏறத்தாழ 5 விழுக்காடு கூடுதல். ஒருவர் பின்சக்கரத்தை ஒட்டி இன்னொருவர் ஓட்டினால் பின்னவருக்குக் காற்றுத்தடையில் சுமார் மூன்றிலொரு பங்கு மிச்சம். ஐந்தோவன் பல்கலைக்கழகத்தின் பெர்ட் பிளாக்கன் 2018இல் 121 பேர் கொண்ட கூட்டத்தின் மாதிரியை அளந்து, நடுப்பின்னால் பதுங்கியவருக்குத் தனியாக ஓட்டுபவரின் காற்றுத்தடையில் 5 முதல் 10 விழுக்காடுதான் என்று காட்டினார். அதாவது அவர் சைக்கிள் ஓட்டவே இல்லை, கூட்டம் அவரை ஏற்றிக்கொண்டு போகிறது.

இதிலிருந்து பெறப்படுவது யாது? உடம்பை வருத்துவதுதான் நோக்கம் என்றால் தனியே போக வேண்டும். கூட்டமாகப் போவது வருத்தத்தைத் தவிர்க்கும் ஏற்பாடு. வருத்தத்தைத் தவிர்த்துக்கொண்டே வருத்தப் பயிற்சி செய்கிறோம் என்பது, பட்டினி விரதத்துக்கு விருந்து வைப்பதைப் போன்ற முரண்.

இந்த முரணை ஆங்கிலேயர் முன்பே அறிந்திருந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், போலீஸ் தொல்லைக்கு அஞ்சி, அங்கிருந்த சைக்கிள் சங்கம் சாலையில் கூட்டுப் பந்தயத்தையே ஒதுக்கிவைத்தது. 1895இல் பிட்லேக் என்பவர் மாற்றுவழி கண்டார்: ஒருவர் போன சிறிது நேரம் கழித்து அடுத்தவர் என்று தனித்தனியாகக் கடிகாரத்தோடு போட்டி. விடிகாலையில், கழுத்திலிருந்து கணுக்கால்வரை கறுப்பு உடையில், யார் கண்ணிலும் படாமல் ஓட்டினார்கள். போட்டித் தடங்களுக்குச் சங்கேதப் பெயர் வைத்தார்கள். திருடப் போகிறவர்கள்கூட இவ்வளவு ஒழுங்கு பார்த்திருக்க மாட்டார்கள். 1942இல் பெர்சி ஸ்டாலார்ட் லங்கோலனிலிருந்து வுல்வர்ஹாம்டனுக்குக் கூட்டுப் பந்தயம் நடத்தியபோது சங்கம் அவரை விலக்கிவைத்தது. போட்டி என்றால் தனியே, பேச்சு என்றால் கூட்டமாக: இதுதான் அந்நாட்டு மரபு. கூட்டமாகப் போவதற்குப் 'ட்ரெயினிங்' என்று பெயர் சூட்டியது பிற்கால இடைச்செருகல் என்பது எம் கருத்து.

அப்படியானால் அது என்ன? மொய்.

புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ஆடியில் மொய் விருந்து வைக்கிறவர் பெறுவது அன்பளிப்பு அன்று, திரும்பி வரும் கடன். யார் எவ்வளவு வைத்தார் என்பது நோட்டில் ஏறும். கூட்டு மிதிப்பில் முன்னால் காற்று வாங்குவதே மொய். ஐந்து நிமிடம் முன்னால் இருந்தவர் ஒதுங்கிப் பின்னால் வந்து அடைவார். அடுத்தவர் முன்னேற வேண்டும். நோட்டு கிடையாது, ஆனால் கணக்கு ஒவ்வொருவர் மண்டையிலும் உண்டு. ஐந்து நிமிடம் இழுத்தவர் யார், மூன்றாவது நிமிடத்தில் முழங்கையை ஆட்டி ஒதுங்கியவர் யார், எதிர்க்காற்று வந்ததும் ஷூ லேஸ் கட்ட நின்றவர் யார் என்பது ஆண்டுக்கணக்கில் மறக்கப்படுவதில்லை. கட்டுரையாளர் இயற்றிய நூற்பா ஒன்று:

முன்செல் வோற்கு மூக்கொடு காற்றே
பின்செல் வோற்குப் பேச்சே மிச்சம்.

என்பது சூத்திரம். இஃது என்னுதலிற்றோ எனின், முன்னால் ஓட்டுபவர் பேசுவதில்லை, பின்னால் இருப்பவர் வாயை மூடுவதில்லை என்பதை உணர்த்துதல் நுதலிற்று. பேச்சே மிச்சம் என்றதனால், வீட்டுக் கடன் வட்டி, பிள்ளையின் பள்ளி அனுமதி, யாழ்ப்பாணத்துப் பனங்காய்ப் பணியாரம் மூன்றும் பின்வரிசைப் பொருள் என்பது பெற்றாம்.

எங்களிடையே மூத்தவர் ஒரு யாழ்ப்பாணத்து அண்ணை. கிங்ஸ்டன் தாண்டித் தென்மேற்குக் காற்று முகத்தில் அடிக்கத் தொடங்கியதும், "தம்பி, நீர் முன்னால போம், நான் பின்னால வாறன். எனக்கு இண்டைக்கு முழங்கால் கொஞ்சம் சரியில்லை" என்பார். மலையடிவாரத்தில் அந்த முழங்கால் எல்லோரையும் கடந்து போகும். இதை மொய்க் குற்றம் என்று சொல்ல இயலாது. திரும்பும் வழியில் அரை மணி நேரம் தனியாளாக இழுத்து வட்டியோடு கட்டிவிடுவார்.

மட்கார்ட் பிரச்சினையும் இக்கோட்பாட்டில்தான் விளங்கும். ஈரச் சாலையில் பின்சக்கரம் வாரியடிக்கும் சேறு பின்னால் வருபவரின் வாய்க்குள் போகும். ஆகவே மட்கார்ட் இல்லாதவர் கடைசியில் வர வேண்டும் என்பது குழுக்களின் எழுதாச் சட்டம். ஆனால் கடைசி இடம்தானே காற்றே படாத இடம்? குற்றம் செய்தவருக்குத் தண்டனையாகச் சொகுசு வழங்கும் சட்டம் இது ஒன்றுதான். மட்கார்ட் மாட்டாமல் இருப்பது சோம்பலா, தந்திரமா என்று கேட்டால் அந்த ஆள் முறுவலிப்பார். முன்பற்களிடையே சேறு மட்டும் இராது.

ஊடல் எங்கே என்று கேட்பீர்கள். இருவர் இணையாக ஓட்டலாம் என்று பிரிட்டனின் சாலை விதிகள் 2022இல் தெளிவாகச் சொல்லிவிட்டன. இணையாக ஓட்டும் இருவரில் ஒருவருடைய சக்கரம் அரைச் சக்கர அளவு முன்னே நிற்கிறது. மற்றவர் சமன் செய்கிறார். முன்னவர் மறுபடி அரைச் சக்கரம் போகிறார். இருவரும் பேசுவதில்லை, திரும்பிப் பார்ப்பதும் இல்லை. ஆள் நிதானமாகத்தான் போகிறார் என்று காட்ட ஒருவர் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடிப்பார். மற்றவர் மூக்கால் மட்டும் மூச்சு விடுவார். 26இல் கிளம்பிய வேகம் 34க்கு வந்திருக்கும். பின்னாலிருந்து யாராவது கத்தும்வரை ஊடல் தீராது. கத்தியதும் இருவரும், "நானா? அவன்தான்" என்பார்கள்.

மற்ற உரிப்பொருள்களும் உண்டு. இரங்கல் என்பது பஞ்சர். இதைச் சற்று அருகில் பார்க்கலாம். ஈரமான உறையிலிருந்து கையை இழுத்தால் உள்துணி விரலோடு சேர்ந்து வெளியே புரண்டு வரும். டயரைக் கழற்றி, விளிம்பின் உட்புறம் விரலால் தடவி முள்ளைத் தேட வேண்டும். விரல் மரத்திருப்பதால் முள் குத்தினாலும் தெரியாது, ரத்தம் பார்த்துத்தான் இடம் கண்டுபிடிப்பது. காற்றடிக்கக் கார்பன் டை ஆக்சைடு குப்பியைத் திறந்தால், வாயு விரியும் வேகத்தில் குப்பி பனி பூத்துத் தோலோடு ஒட்டிக்கொள்ளும். எல்லாம் முடிந்து உறையைப் போடப் போனால் புரண்ட உள்துணி விரலை உள்ளே விடாது. ஐந்து விரலுக்கு மூன்று வீடுதான் இருக்கும். சுற்றி நின்று ஆலோசனை சொல்லும் மற்றவர்களுக்கோ நின்ற இடத்தில் வியர்வை குளிர்ந்துகொண்டிருக்கும். அவர்களும் அன்றைக்கு மொய் வைத்தவர்களாகவே கொள்ளப்படுவர்.

பிரிதல் பாக்ஸ் ஹில்லின் ஜிக்ஜாக் சாலையில். சுமார் இரண்டரை கிலோமீட்டர் ஏற்றம். அங்கே வேகம் குறைவதால் காற்று நிழலுக்கு மதிப்பில்லை, மொய்க்கணக்கு செல்லாது. அவரவர் கால் அவரவருக்கு. இறக்கத்தில் கணக்கு வேறு. அண்டார்டிகாவில் சிறு குப்பிகளில் தண்ணீர் உறையும் நேரத்தை அளந்து சைப்பிள், பாசல் இருவரும் தொடங்கிவைத்த காற்றுக்குளிர்க் கணக்கின்படி, 5 டிகிரியில் 30 கிலோமீட்டர் வேகக் காற்று சுழியம் டிகிரியாகத் தோலில் உறைக்கும். 60இல் அது இன்னும் இரண்டு டிகிரி கீழே. அந்தக் காலத்து ஐரோப்பியப் பந்தயக்காரர்கள் மலை உச்சியில் நாளிதழ் வாங்கிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு இறங்குவார்கள். பிரிட்டனின் ஞாயிறு நாளிதழ்கள் இணைப்புகளோடு தடிமனாக வருபவை, இவ்வாய்வுக்கு மிக உகந்தவை. சொத்து விற்பனை இணைப்பு நெஞ்சுக்கு நல்லது; விளையாட்டுப் பக்கத்தைப் படிக்க மிச்சம் வைக்கலாம்.

ஒரு தடை எழலாம்: வீட்டுக்குள்ளேயே திரையைப் பார்த்து மிதிக்கும் கருவி வந்துவிட்டதே, வெளியே ஏன் போக வேண்டும்? விடை சனிக்கிழமை இரவு வாட்ஸ்அப்பில் இருக்கிறது. மழை வாய்ப்பு பற்றிய படம் ஒன்றை ஒருவர் அனுப்புவார், கருத்து எதுவும் எழுதாமல். இன்னொருவர் 'ம்ம்' என்பார். பத்து மணிவரை யாரும் வரவில்லை என்று சொல்வதில்லை. சொல்லும் முதல் ஆளாக இருக்க யாருக்கும் துணிவில்லை. ஆறு பேர் ஆறு வீட்டில் மழையை வேண்டிக்கொண்டே அலாரம் வைக்கிறார்கள். கருவியிடம் இந்தக் கடன் கிடையாது. அதனிடம் வரவில்லை என்று சொல்ல வெட்கப்படவும் தேவையில்லை.

எஞ்சியது இருத்தல், அதாவது தேநீர்க் கடை. பீன்ஸ் டோஸ்ட், காபி வால்நட் கேக், பெரிய கோப்பையில் தேநீர். விரலில் ரத்தம் திரும்பும்போது வரும் குடைச்சலில் பேச்சு நிற்கும். பிறகு கேக் இரண்டாம் தடவை வரும். பில்லில் இரு மரபுகள் மோதுகின்றன. குழுவிலுள்ள ஆங்கிலேயர் தான் தின்றதைத் தனியே கணக்கிட்டுச் சில்லறை எடுத்து வைப்பார். நம்மவர்கள் அட்டையை நீட்டி ஒருவர் கையை ஒருவர் தள்ளுவார்கள். கடைக்காரப் பெண் யாருடைய அட்டையை வாங்குவது என்று தெரியாமல் நிற்பாள். அதற்குள் கழிப்பறைக்குப் போவதாகச் சொல்லி எழுந்த அண்ணை கவுண்ட்டரில் முழுவதும் கட்டிவிட்டு, உறைக்குள் விரலை நுழைக்க முடியாமல் வாசலில் நின்றுகொண்டிருப்பார்.