மேயர் கைப்பிடியை விடவில்லை

1904 அக்டோபர் 27 அன்று நியூயார்க் மேயர் ஜார்ஜ் மெக்கிலெல்லனுக்குக் கொடுத்த வேலை ரொம்பச் சின்னது. டிஃபனி நகைக்கடை செய்த வெள்ளிக் கைப்பிடியைப் பிடித்து, புத்தம்புதுச் சுரங்க ரயிலைக் கிளப்பிவிட்டு, எழுந்து போய் விருந்தினரோடு உட்கார வேண்டும். குத்துவிளக்கில் முதல் திரியை ஏற்றுகிற வேலை. மனிதர் ஐந்து முகத்தையும் தானே ஏற்றிவிட்டு, எண்ணெய்க் கிண்ணத்தையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

டிரைவரிடம் கொடுத்துவிடலாமே என்று கேட்டுப் பார்த்தார்கள். ம்ஹூம். ரயில் நிறுவனத்தின் பொது மேலாளர் ஃபிராங்க் ஹெட்லி பக்கத்திலேயே காவல் நிற்க, பின்னால் ஊர்ப் பெரிய மனிதர்கள் உட்கார்ந்திருக்க, 103ஆவது தெரு வந்த பிறகுதான் கைப்பிடி கைமாறியது. ரயில் ஓட்டத் தெரியுமா என்று மேயர்களிடம் கேட்கிற வழக்கம் இல்லை.

இதில் வேடிக்கை அவருடைய அப்பா. அவரும் ஜார்ஜ் மெக்கிலெல்லன்தான். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படையின் தளபதி. பயிற்சி கொடுப்பார், அணிவகுப்பு நடத்துவார், எதிரிகள் ஏகப்பட்ட பேர் இருக்கிறார்கள் என்று வாஷிங்டனுக்கு எழுதுவார். நகர மட்டும் மாட்டார். தளபதிக்குப் படை தேவைப்படவில்லை என்றால் நான் கொஞ்ச நாள் இரவல் வாங்கிக்கொள்கிறேன் என்று லிங்கனே நொந்துகொண்டதாகச் சொல்வார்கள். 1862 நவம்பரில் பதவி போயிற்று. அப்பா வைத்த பாக்கியை மகன் ஒரே மதியத்தில் வட்டியோடு தீர்த்துவிட்டார்.

ரயில் கிளம்பிய இடம் சிட்டி ஹால் நிலையம், அதாவது மேயர் அலுவலகத்துக்கு முன்னால் இருக்கும் பூங்காவின் அடியில். வந்த ரயில் வளைந்து திரும்பி மறுபடி வடக்கே போக வேண்டும். அந்த வளைவிலேயே நடைமேடையையும் கட்டிவிட்டார்கள். அதனால் அங்கே நேர்கோடு என்பதே அபூர்வம். ஹைன்ஸ், லாஃபார்ஜ் என்ற இருவர் வடிவமைத்தார்கள். கூரை, ஸ்பெயினிலிருந்து வந்த ரஃபேல் குவாஸ்டாவினோவின் கைவரிசை. மெல்லிய ஓடுகளைச் சிமென்ட் வைத்து அடுக்கடுக்காக ஒட்டி, தன்னைத்தானே தாங்கிக்கொள்ளும் வளைவாக்குவார். உள்ளே இரும்புத் தூலம் கிடையாது. அண்ணாந்து பார்த்தால் பச்சை ஓடு ஓரம் கட்டிய வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பிப் போகும். நடுவே பித்தளைச் சரவிளக்குகள், பூங்காவின் வெளிச்சத்தை உள்ளே இறக்கும் கண்ணாடிக் கூரைகள். பெரிய மனிதர்களின் பெயர் பொறித்த வெண்கலப் பட்டயமும் உண்டு. அது இல்லாமல் எந்த ஊரில் திறப்பு விழா நடந்திருக்கிறது?

குறை ஒன்றே ஒன்று. ஏற ஆள் இல்லை. கூப்பிடு தூரத்தில் புரூக்ளின் பாலம் நிலையம். எக்ஸ்பிரஸ் ரயில் அங்கேதான் நிற்கும், பாலத்துக்குப் போகிற கூட்டமும் அங்கேதான். ஐந்து சென்ட் கட்டணம் கொடுத்தவனுக்கு வேண்டியது ரயில். சரவிளக்கை வைத்து என்ன செய்வான்? பிறகு நடுவிலும் கதவு வைத்த நீளமான பெட்டிகள் வந்தன. வளைந்த மேடையில் அவை நின்றால் கதவுக்கும் மேடைக்கும் நடுவே ஆள் விழும் அளவுக்கு இடைவெளி. கடைசிக் காலத்தில் ஒரு நாளைக்குச் சுமார் 600 பயணிகள். இவர்களுக்காக மேடையை மாற்றிக்கட்ட யாருக்கு மனசு வரும்? 1945 டிசம்பர் 31 அன்று இழுத்து மூடினார்கள்.

ஆனால் வளைவுக்கு ஓய்வு இல்லை. 6ஆம் எண் ரயில் இன்றும் அந்த வழியாகத்தான் திரும்புகிறது. 1990களில் நிலையத்தை அருங்காட்சியகமாக்கித் திறக்கலாம் என்று திட்டம் போட்டார்கள். மேயர் அலுவலகத்தை ஒட்டிப் பொதுமக்களா, பாதுகாப்பு என்னாவது என்று மாநகராட்சி மறுத்துவிட்டது. இப்போது போக்குவரத்து அருங்காட்சியகத்தில் உறுப்பினராகி, தனிக் கட்டணமும் கட்டினால் வழிகாட்டியோடு உள்ளே விடுகிறார்கள். ஐந்து சென்ட்டுக்கு ஆள் வராத இடத்தின் டிக்கெட் இன்று சட்டென்று விற்றுத் தீர்ந்துவிடுகிறது.