மூர் மார்க்கெட்டை ஹாலில் மாட்டுவது எப்படி?

தாத்தா வீட்டை பில்டரிடம் கொடுத்ததில் உங்கள் பங்குக்கு பீர்க்கன்கரணையில் ஒரு ஃபிளாட் வந்திருக்கிறது. மாடுலர் கிச்சன் ஆயிற்று, ஃபால்ஸ் சீலிங் ஆயிற்று. சோபாவுக்கு மேலே சுவர் மட்டும் மொட்டையாக நிற்கிறது. கவலையை விடுங்கள். அந்தச் சுவருக்கென்றே சென்னைப் பட்டணம் ஒரு நூற்றாண்டாகக் கட்டி, எரித்து, இடித்து வைத்திருக்கிறது.

1. போன கட்டடமாகப் பார்த்துப் பிடியுங்கள்.

நிற்கிற கட்டடத்துக்கு மவுசு கிடையாது. ரிப்பன் மாளிகையை மாட்டினால் "கார்ப்பரேஷன்ல வேலையா?" என்பார்கள். அதற்குப் பக்கத்திலேயே இருந்த மூர் மார்க்கெட்டை எடுங்கள். 1900-இல் திறந்தது, 1985 மே 30 அன்று எரிந்தது, இப்போது அந்த இடத்தில் புறநகர் ரயில் நிலையம். அதற்கும் மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ் என்றுதான் பெயர். மார்க்கெட் போனால் என்ன, பெயர் இருக்கிறதே! கட்டடம் உயிரோடு இருந்த காலத்தில் நீங்களோ உங்கள் அப்பாவோ பெருங்களத்தூரில் ரயிலேறி, பார்க் ஸ்டேஷனில் இறங்கி, சாலையைக் கடந்து போய், பழைய புத்தகக் கடைக்காரரிடம் எட்டணாவுக்கு மல்லுக்கு நின்று, "என்ன கசகசப்பு, என்ன நாத்தம்" என்று திட்டிக்கொண்டே திரும்பியிருப்பீர்கள். அதை மறந்துவிடுங்கள். படத்தில் நாற்றம் வராது.

2. ஒன்றோடு நிறுத்தாதீர்கள்.

மவுண்ட் ரோடு ஸ்பென்சர் கட்டடம் சோபாவுக்கு வலப்பக்கம். 1983-இல் எரிந்தது. அதன் இடத்தில் எழுந்த பிளாசாவில் நீங்கள் செல்போன் கவர் வாங்கியிருக்கிறீர்கள், ஆகவே உறவு உண்டு. மத்திய சிறைச்சாலை இடப்பக்கம். 1837-இல் வந்தது. 2006-இல் கைதிகளைப் புழலுக்கு மாற்றி, 2009-இல் இடித்தார்கள். இடிக்குமுன் பொதுமக்கள் சுற்றிப் பார்க்கலாம் என்று கதவைத் திறந்தபோது கூட்டம் அள்ளிக்கொண்டு போனது. 170 வருடம் யாரும் ஆசைப்பட்டு உள்ளே போகாத இடம்! பெண் பார்க்க வருபவர்கள் உட்காரும் நாற்காலிக்கு நேர் எதிரே இதை மாட்டவும்.

3. முன்கூட்டியே வாங்கினால் லாபம்.

அதே மவுண்ட் ரோட்டில் பாரத் இன்சூரன்ஸ் கட்டடம், 1897-இல் கட்டியது. 2006-இல் இடிக்கத் தொடங்கி, வழக்குப் போட்டு நிறுத்தினார்கள். இந்தப் படத்தை வாங்கிப் பரணில் வையுங்கள். கட்டடத்தைக் காப்பாற்றக் கையெழுத்து கேட்டு யாராவது வந்தால் மீட்டிங்கில் இருப்பதாகச் சொல்லிவிடுங்கள். உங்கள் முதலீடு அது.

4. படம் எங்கே கிடைக்கும்?

ஃபேமிலி குரூப்பில்தான். அந்தக் காலத்துப் படக்காரர்கள் பெரிய கண்ணாடித் தகட்டில் எடுத்தார்கள். அதிலிருந்து ஒழுங்காகப் போட்ட பிரிண்டில் ஜட்கா வண்டிக்காரனின் தலைப்பாகை மடிப்பைக்கூட எண்ணலாம். உங்களுக்கு ஏன் அந்த வேலை? பெரியப்பா மகன் ரோஜாப்பூவும் குட் மார்னிங்கும் சேர்த்து அனுப்பினாரே, அதை நாலடிக்கு மூன்றடியாகப் பெரிதாக்கச் சொல்லுங்கள். வண்டிக்காரன் சோளப்பொரி மாதிரி ஆகிவிடுவான். பரவாயில்லை, பழசு என்றால் அப்படித்தான் இருக்கும் என்று ஊரே நம்புகிறது. சுவர் அகலமாக இருந்தால் படத்தைப் பக்கவாட்டில் இழுக்கச் சொல்லுங்கள், கோபுரங்கள் குட்டையாகிக் கொழுக்கும்.

5. அடியில் "மெட்ராஸ், 1870" என்று போடுங்கள். கட்டடமே 1900-தானே, வாசலில் மோட்டார் கார் நிற்கிறதே என்று கேட்பவர் அடுத்த தடவை வர மாட்டார்.

6. மேற்கு வெயில் படும் சுவர் உத்தமம்.

மூன்று கோடையில் மை வெளுத்து, நீங்கள் காசு கொடுத்து வாங்காத பழமை இலவசமாக வந்து சேரும். அது கிடைக்காவிட்டால் பாத்ரூமுக்குப் பின்சுவர். ஐப்பசி மழையில் சுவர் ஓதம் காத்து, ஃப்ரேமின் முதுகில் இருக்கும் ஹார்ட்போர்டு உப்பும், மூர் மார்க்கெட் இரண்டாம் முறை அழியும். முதல் தடவை நெருப்பு, இந்தத் தடவை தண்ணீர்.

7. விருந்தாளி வந்ததும் பெருமூச்சு விடுங்கள்.

"நம்ம ஆளுங்களுக்கு அருமை தெரியல சார்" என்று தொடங்குங்கள். வெளிநாட்டில் எப்படிக் காப்பாற்றுகிறார்கள் என்று சொல்லுங்கள். காபி ஆறுவதற்குள் அரசாங்கம், ரயில்வே என்று வரிசையாகத் திட்டி முடித்துவிடலாம். "இந்த ஃபிளாட் இருக்கிற இடத்துல முன்னாடி என்ன இருந்துது?" என்று அவர் கேட்டால் மட்டும், "சும்மா ஒரு ஓட்டு வீடு" என்று சொல்லிவிட்டுப் பிஸ்கட் தட்டை நகர்த்துங்கள்.

உண்மையும் அதுதானே. பீர்க்கன்கரணை பேரூராட்சியாக இருந்து 2021-இல் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்த ஊர். ஏரிக்கரையில் நின்ற ஓட்டு வீட்டை எடுக்க எந்தத் துரையும் காமிராவைத் தூக்கிக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோட்டில் வரவில்லை. திண்ணைக்கெல்லாம் யார் பிரிண்ட் போட்டு விற்பார்கள்?

8. கடைசியாக, அப்பா படம்.

வருடத் திதி வருகிறது. அம்மா பீரோவின் அடித்தட்டைக் குடைந்து ஒரு படம் எடுத்துக் கொடுப்பார்கள். அப்பா திண்ணையில் உட்கார்ந்திருப்பார். ஒரு கை மரத்தூணைப் பிடித்திருக்கும், எண்ணெய் பட்டுப் பட்டுத் தூண் அந்த இடத்தில் மட்டும் கறுத்திருக்கும். பின்னால் மாக்கோலம் போட்ட வாசற்படி, நிலையில் காய்ந்த மாவிலை, சரிந்த ஓட்டுக்குக் கீழே ஹெர்குலிஸ் சைக்கிளின் பாதிச் சக்கரம். அந்த வீட்டுக்கு இருப்பது இந்த ஒரே படம்.

மூர் மார்க்கெட்டுக்கு ஃப்ரேம் போட்ட அதே கடைக்கு எடுத்துப் போங்கள். பையன் ஸ்கேன் செய்து திரையில் பெரிதாக்குவான்.

"முகம் நல்லா வந்திருக்கு சார். பின்னாடிதான் ஒரே அடைசலா இருக்கு. தூக்கிட்டு ப்ளூ போட்டுரட்டா?"

"போட்டுருப்பா."