உப்புப் பொட்டலம்

1991-இல் நர்சிங் மாணவிகளைக் குழந்தைகள் வார்டுக்கு அழைத்துப்போவேன். நாள்பட்ட சிறுநீரக நோய்க்கு அப்போது என் பாடம் கரும்பலகையில் மூன்று வரி: உப்பைக் குறை, தண்ணீரைக் குறை, புரதத்தைக் குறை. பெரியவர்களுக்கான பாடத்தைச் சின்னக் கட்டிலுக்கு இழுத்து வந்திருந்தேன்.

அங்கே ஆறு வயதுப் பையன் ஒருவன், பக்கத்துக் கட்டில் பாட்டியின் உப்புப் பொட்டலத்தைப் பிரித்து நக்கிக்கொண்டிருந்தான். மாணவி ஒருத்தி ஓடிப்போய்ப் பிடுங்கினாள். எல்லோர் முன்னாலும் அவளைப் பாராட்டினேன். "வீட்டுலயும் இப்படித்தான் சிஸ்டர். ராத்திரியெல்லாம் தண்ணி கேக்குறான், அத்தனையும் மூத்திரமாப் போயிடுது" என்றார் அவன் அம்மா. கண்டிப்பாக இருக்கச் சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

இரண்டே நாளில் பிள்ளைக்குக் கண் குழி விழுந்து, நாக்கு வறண்டு, எடை இறங்கி, டிரிப் ஏற்ற வேண்டியதாயிற்று. பிறவியிலேயே சிறுநீர்ப் பாதையில் வால்வு அடைப்பு. பழுதான அந்தச் சிறுநீரகங்களால் உப்பையும் தண்ணீரையும் பிடித்து வைக்க முடியாது. இழந்ததைத்தான் அவன் உடம்பு கேட்டிருக்கிறது. பிழைத்துக்கொண்டான். அந்தத் தாயிடம் மன்னிப்புக் கேட்டேன். அது போதாது என்று இன்றும் நினைக்கிறேன்.

வீக்கமும் ரத்த அழுத்தமும் உள்ள பிள்ளைக்கு உப்பைக் குறைக்கத்தான் வேண்டும். எந்தப் பிள்ளைக்கு எது என்று பார்க்காததே என் தவறு.

இப்போது முதல் வகுப்பில் உயரம் அளக்கும் பலகையை வைக்கிறேன். "கிட்னிக்கும் உயரத்துக்கும் என்ன மேடம் சம்பந்தம்?" என்பார்கள். உயரத்தை 0.413-ஆல் பெருக்கி, ரத்தத்தில் உள்ள கிரியாட்டினின் அளவால் வகுக்கச் சொல்வேன்; சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்பது தெரியும். நூறு சென்டிமீட்டர் பிள்ளைக்குக் கிரியாட்டினின் 1 என்றால் விடை 41. இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. பெரியவர்களுக்கு அதே 1 நார்மல். உயரம் அளக்காத நாட்களில் எத்தனை ரிப்போர்ட்டை நிம்மதியாக மடித்து வைத்தேனோ.

அடுத்து, கேஸ் ஷீட்டைத் தொடுமுன் அரை மணி நேரம் அம்மாவோடு உட்காரவேண்டும். ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறான், எதைக் கேட்டு அடம்பிடிக்கிறான் என்று கேட்டு எழுதவேண்டும்.

போன வாரம் ஒருத்தி மூச்சிரைக்க வந்தாள். "மேடம், நாலாம் பெட் பாப்பா ஊறுகாய் கேட்டு அழுறா. ராத்திரி அஞ்சு தடவை தண்ணி குடிச்சாளாம். டாக்டர்கிட்ட சொல்லட்டுமா?"

"இப்பவே சொல்லு. முதல்ல எடை பாரு" என்று அவளோடு நானும் நடந்தேன்.