கல் தின்று ரத்தம் குடித்தவர்களின் சுற்றுலா

இலங்கைக்கு டூர் போகலாம் என்ற பேச்சு வல்லம் வடகால் பக்கம் போனஸ் சமயத்தில் தவறாமல் கிளம்பும். காஞ்சிபுரத்திலிருந்து வரும் ஷிப்ட் பஸ்ஸில் யாராவது ஒருவர் போனை நீட்டுவார். ஐந்து பகல், நான்கு இரவு, கண்டி, நுவரெலியா, சிகிரியா, காலை டிபன் உண்டு. சுங்குவார்சத்திரம் தாண்டுவதற்குள் பாதி பஸ் பெயர் கொடுத்துவிடும். ஷிப்ட் முடிந்து திரும்பும்போது ஒருவருக்குத் தங்கை கல்யாணம், ஒருவருக்கு வீட்டு லோன், ஒருவருடைய பாஸ்போர்ட்டை எலி கடித்திருக்கும். யாரும் கூச்சப்பட வேண்டாம். காஞ்சிபுரம் வரை வந்து இலங்கை டூரை கேன்சல் செய்த பெரிய மனிதர்களில் முதல்வர் சீன யாத்ரிகர் யுவான் சுவாங்.

பாலைவனம், பனிமலை, வழிப்பறி எல்லாவற்றையும் தாண்டி வந்த ஆள். 640 வாக்கில் காஞ்சிக்கு வந்து சேர்ந்தார். இங்கிருந்து கப்பலில் மூன்றே நாளில் இலங்கை என்று ஊரார் சொன்னார்கள். மூட்டை கட்ட வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து இலங்கையிலிருந்து முந்நூறு பிக்குகள் வந்து இறங்கினார்கள். அங்கே ராஜா போய்ச் சேர்ந்துவிட்டார், பஞ்சம், ஒரே கலவரம், நாங்களே தப்பித்தோம் பிழைத்தோம் என்று ஓடி வருகிறோம் என்றார்கள். நீங்களும் நானும் என்றால் ஒரு சொம்பு மோர் கொடுத்து உட்கார வைத்திருப்போம். யுவான் சுவாங் பரீட்சை வைத்தார். யோக சாஸ்திரத்தில் இந்த இடத்துக்கு என்ன பொருள், அந்த இடத்துக்கு என்ன பொருள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடல் கடந்து பசியோடு வந்தவர்கள் சொன்ன பதில், நாளந்தாவில் தன் வாத்தியார் சீலபத்திரர் சொன்னதைவிட ஒன்றும் உசத்தியில்லை என்று மார்க் போட்டுவிட்டு, நடையைக் கட்டினார். ஃபெயிலானவர்களில் எழுபது பேர் அவர் கூடவே கிளம்பினார்கள் என்பதுதான் விசேஷம்.

போகவில்லையே தவிர, எழுதாமல் விடவில்லை. தன் பயண நூலில் இலங்கைக்குத் தாராளமாக இடம் கொடுத்திருக்கிறார். புத்தரின் பல்லை வைத்த கோயில் உச்சியில் ஒரு மாணிக்கம், ராத்திரியில் வெகுதூரத்துக்கு நட்சத்திரமாக மின்னுமாம். இன்னொரு கோயிலில் பொன் புத்தர் சிலை, தலையில் விலைமதிப்பில்லாத ஒரு மணி. திருடன் சுவரில் கன்னம் வைத்து உள்ளே போய்க் கையை நீட்டினால், சிலை உயர்ந்துகொண்டே போகிறது. எட்டவில்லை. “போன பிறவிகளில் உடம்பையே அறுத்துக் கொடுத்தாராம், இப்போது ஒரு கல்லுக்கு இவ்வளவு கஞ்சத்தனமா” என்று திருடன் அலுத்துக்கொண்டதும், சிலை குனிந்து தலையைக் காட்டியதாம். திருடன் சந்தைக்குப் போய் மாட்டிக்கொண்டு, புத்தரே கொடுத்தார் என்கிறான். ராஜா போய்ப் பார்த்தால் சிலை இன்னும் குனிந்தபடியே நிற்கிறது. நேரில் போயிருந்தால் இவ்வளவு ருசியாக எழுதியிருப்பாரா என்பது என் சந்தேகம். நேரில் போனவனுக்குக் கால் வலி, வயிற்றுக் கோளாறு என்று வேறு வேலை இருக்கும்.

ஏனென்றால் இலங்கைக்குப் போன யாரும் தான் பார்க்க நினைத்ததைப் பார்த்ததாகத் தெரியவில்லை. கூட்டிப்போனவன் காட்டியதைப் பார்த்தார்கள், சொன்னதை நம்பினார்கள். யுவான் சுவாங்குக்கு இருநூறு வருஷம் முன்னால் இன்னொரு சீன யாத்ரிகர் பாஹியான் உண்மையாகவே போய் இரண்டு வருஷம் தங்கினார். அனுராதபுரத்தில் யாரோ அவரை உட்கார வைத்து ஆதிகாலக் கதை சொல்லியிருக்கிறார்கள். முதலில் இந்தத் தீவில் மனிதர்களே கிடையாது, பேய்களும் நாகங்களும்தான் குடியிருந்தன, வெளிநாட்டு வியாபாரிகள் அவற்றோடுதான் கொடுக்கல் வாங்கல் செய்தார்கள். பேய்கள் முகம் காட்டாது. சரக்கைப் பரப்பி, அதன்மேல் விலைச்சீட்டை வைத்துவிட்டு மறைந்துவிடும். வியாபாரி காசை வைத்துவிட்டுச் சரக்கை எடுத்துக்கொண்டு போவான். ஆளில்லாத சூப்பர் மார்க்கெட்டை உலகத்தில் முதலில் திறந்தவை இலங்கைப் பேய்கள் என்று பாஹியான் மூலம் நமக்குத் தெரிகிறது. பில் தகராறு ஒன்றுகூட அவர் குறிக்கவில்லை.

அவரும் கல் நெஞ்சக்காரர் இல்லை. அபயகிரி விகாரையில் பச்சைக்கல் புத்தர் சிலைக்கு ஒரு வியாபாரி சீனத்து வெள்ளைப் பட்டு விசிறியைக் காணிக்கை வைத்ததைப் பார்த்ததும் ஊர் ஞாபகம் வந்து கண்ணீர் விட்டார். திரும்பும்போது இருநூறு பேர் ஏறிய கப்பலில் ஓட்டை விழுந்தது. பாரத்தைக் குறைக்கச் சரக்கைக் கடலில் எறிந்தார்கள். இவரும் தன் குடத்தையும் கைகழுவும் பாத்திரத்தையும் எறிந்தார். எங்கே தன் புத்தகக் கட்டைத் தூக்கிப் போட்டுவிடுவார்களோ என்று பயம். லக்கேஜ் விதி அன்றும் இப்படித்தான்.

நம்மாட்களைச் சொல்லாமல் விட்டால் தப்பாகிவிடும். 993-ல் ராஜராஜன் அனுப்பியது பெரிய குரூப். அனுராதபுரத்தைப் பார்த்தார்கள், பார்த்த பிறகு மற்றவர்கள் பார்க்க அங்கே அதிகம் மிச்சமில்லை. பொலன்னறுவையில் தங்கல், அங்கே வானவன் மாதேவி ஈஸ்வரம் என்று சோழ அரசி பெயரில் ஒரு கற்கோயில். சுற்றுலாப் போன இடத்தில் சுவரில் பெயர் கிறுக்கும் நம் வழக்கத்துக்கு, இதைவிட அழகான உதாரணம் இல்லை. 1017-ல் ராஜேந்திரன் ஆட்கள் கிரீடத்தோடு சேர்த்து ஐந்தாம் மகிந்த ராஜாவையே எடுத்து வந்துவிட்டார்கள். அவர் பன்னிரண்டு வருஷம் சோழ நாட்டிலிருந்து, இங்கேயே காலமானார். டூர் போய் யானை பொம்மை வாங்கி வருபவர்களை இனிமேல் யாரும் கேலி செய்யக்கூடாது.

இந்தப் பழக்கம் தொற்றக்கூடியது. 1409 தேதி போட்ட ஒரு கல்வெட்டைச் சீனாவிலேயே செதுக்கிக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தார் சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ. சீனத்தில் புத்தருக்கு, தமிழில் தெனவரை நாயனாருக்கு, பாரசீகத்தில் அல்லாவுக்குக் காணிக்கைப் பட்டியல். மூன்று பேருக்கும் தலைக்கு ஆயிரம் பொன், ஐயாயிரம் வெள்ளி. யார் ஜெயித்தாலும் நம் ஆள் என்று கூட்டணி வைப்பவர்கள் படிக்க வேண்டிய கல். 1411-ல் அவர் அழகேசுவரன் என்ற அரசனைப் பிடித்துச் சீனாவுக்கு அனுப்பினார். கல் காலி நகரத்தில் கவனிப்பாரற்றுக் கிடந்து 1911-ல் கண்ணில் பட்டது. இப்போது கொழும்பு மியூசியத்தில் இருக்கிறது.

முறையாக, மரியாதையாக, கைடு வைத்துச் சுற்றிப் பார்த்தவர் என்றால் அது இபின் பதூதா. 1344-ல் மாலத்தீவிலிருந்து நம் கரைக்கு வரக் கிளம்பிய கப்பலைக் காற்று புத்தளத்தில் கொண்டுபோய்த் தள்ளியது. யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி அப்போது அங்கே இருந்தார். இருவரும் பாரசீகத்தில் பேசிக்கொண்டார்கள். என்ன வேண்டும் என்று ராஜா கேட்டபோது முத்து கேட்டிருக்கலாம். ஆதம் பாதத்தை தரிசிக்க வேண்டும், அவ்வளவுதான் என்றார் இவர். பல்லக்கு, நான்கு யோகிகள், மூன்று பிராமணர்கள், ராஜாவின் ஆட்கள் பத்துப் பேர், சோறு சுமக்கப் பதினைந்து பேர். ஃபுல் பேக்கேஜ்.

வழியில் தாடி வைத்த கறுங்குரங்குகளைப் பார்த்தார். அவற்றுக்கு ஒரு தலைவர் உண்டு, தலையில் இலைக் கிரீடம், பக்கத்தில் தடியோடு நான்கு குரங்கு மெய்க்காப்பாளர்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். கைடு சொன்னதுதான். அட்டைப்பூச்சி விஷயம் மட்டும் கைடு புளுகவில்லை. ஆளைப் பார்த்ததும் தாவி ஒட்டிக்கொள்ளும். ஊர்க்காரர்கள் கையோடு எலுமிச்சம்பழம் வைத்திருந்து அதன் தலையில் பிழிவார்கள். இன்றைக்கும் சிவனொளிபாதமலைக் காட்டுக்கு இதையேதான் சொல்லி அனுப்புகிறார்கள். பௌத்தர்களுக்குப் புத்தர் பாதம், சைவர்களுக்குச் சிவன் பாதம், இவருக்கு ஆதம் பாதம். சண்டை சச்சரவில்லாமல் எல்லாரும் ஒரே சங்கிலியைப் பிடித்து ஏறினார்கள். மேலே போனால் பதினொரு சாண் நீளத்தில் பாதம், ஆனால் கட்டைவிரல் இல்லை. முன்னொரு காலத்தில் சீனர்கள் வந்து பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். எல்லாப் பழியையும் ஊருக்குப் போய்விட்ட டூரிஸ்ட் மேல் போடும் கைடு தொழில், அப்போதே நன்றாக வளர்ந்திருந்தது.

அந்தத் தொழிலின் உச்சத்தைத் தொட்டவர்கள் கோட்டே ராஜாவின் ஆட்கள். 1505 என்று பாடப்புத்தகங்கள் சொல்லும் சமயம், லூரென்சோ டி அல்மெய்டாவின் போர்த்துக்கீசியக் கப்பல்களைக் காற்று கரைசேர்த்தது. ராஜாவுக்குப் போன தகவலை சிங்கள வரலாறான ராஜாவலிய இப்படிச் சொல்கிறது: வெள்ளைத் தோல், இரும்புச் சட்டை, இரும்புத் தொப்பி, ஓரிடத்தில் நிற்பதில்லை, கல்லைத் தின்கிறார்கள், ரத்தம் குடிக்கிறார்கள். கல் என்றது பிரெட்டை, ரத்தம் என்றது ஒயினை. எனக்குப் பிடித்தது அடுத்த வரி. ஒரு மீனுக்கும் ஒரு எலுமிச்சம்பழத்துக்கும் இரண்டு மூன்று பொற்காசு கொடுக்கிறார்களாம். ராணுவ உளவு அறிக்கையில் இதையும் சேர்த்தானே, அந்த ஒற்றன் நிச்சயம் கடை வைத்திருந்தவன்.

ராஜாவைப் பார்க்கத் தூதர் கிளம்பினார். கொழும்பிலிருந்து கோட்டே, ஏறக்குறைய வல்லம் வடகாலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகிற தூரம். கூட்டிப்போனவர்கள் மேடேறி, பள்ளம் இறங்கி, ஆற்றைக் கடந்து, மறுபடி கடந்து, மூன்று நாள் நடத்தினார்கள். தலைநகரம் வெகு உள்ளே இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று ஏற்பாடு. துறைமுகத்தில் கப்பல்காரர்கள் மணிக்கொரு வேட்டு போட்டதில் சத்தம் பக்கத்திலேயே கேட்டது, குட்டு உடைந்தது என்றும் ஒரு கதை உண்டு. பறங்கி கோட்டேக்குப் போன மாதிரி என்று சிங்களத்தில் இன்றுவரை சொல்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூரில் இறங்கி ஒரகடத்துக்கு ஆட்டோ கேட்டு, வாலாஜாபாத்தைப் பார்த்துவிட்டு வந்த புது ஆட்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

கைடே இல்லாமல் இலங்கையைப் பார்த்தவர் ஒருவர்தான், அவரும் கைதி. ராபர்ட் நாக்ஸ். சென்னைப் பக்கத்து வியாபாரத்துக்கு வந்த கப்பல், புயலில் பாய்மரம் ஒடிந்து மூதூர் பக்கம் பழுதுபார்க்க ஒதுங்கியது. 1660-ல் இரண்டாம் ராஜசிங்கன் ஆட்கள் அப்பாவையும் மகனையும் கூட இருந்தவர்களையும் பிடித்துக் கண்டி ராஜ்யத்துக் கிராமங்களில் பிரித்து வைத்தார்கள். பூட்டு இல்லை, விலங்கு இல்லை. ஊரார் முறை வைத்துச் சோறு போட வேண்டும். அப்பா அடுத்த வருஷமே காய்ச்சலில் போய்விட்டார். மகன் தொப்பி பின்னி விற்றார், நெல்லைக் கடன் கொடுத்து வட்டி வாங்கினார், வீடு கட்டினார். பத்தொன்பது வருஷம்.

கடைசியில் 1679-ல் ஒரு கூட்டாளியோடு ஊர் ஊராகச் சாமான் விற்கும் வியாபாரி வேஷத்தில் வடக்கே நழுவினார். அனுராதபுரத்தில் உப்புக்கண்டம் வாங்க வந்திருக்கிறோம் என்று அதிகாரியிடம் அளந்துவிட்டு, ஆற்றோரமாகக் காட்டுக்குள் புகுந்தார். வழியெல்லாம் செதுக்கிய கற்களும் தூண்களும். பழைய தலைநகரத்தின் இடிபாடுகளை முதலில் கண்டு எழுதிய ஆங்கிலேயர் இவர்தான், பார்த்ததெல்லாம் யானைக்குப் பயந்து ஓடுகிற ஓட்டத்தில். அரிப்புக் கோட்டையில் டச்சுக்காரர்களிடம் போய்ச் சேர்ந்து, கப்பலேறி, 1681-ல் லண்டனில் புத்தகம் போட்டார்.

அதோடு விட்டாரா என்றால் இல்லை. அச்சான தன் புத்தகத்துக்கு நடுவே வெள்ளைத்தாள் சேர்த்துக் கட்டி, விட்டுப்போனதையெல்லாம் முதுமை வரை எழுதிக்கொண்டே இருந்தார். 1720-ல்தான் கண்ணை மூடினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. டூர் கதையை உட்கார்ந்து கேட்டே தீர வேண்டிய ஆள் வீட்டில் இல்லாதவர் வேறு என்னதான் செய்வார்?